தரவரிசையோடு நீர்மட்டத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை வெளியாகும்போதெல்லாம் இந்தியா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதே நம் நாளிதழ்களில் தலைப்பாகிறது. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் 193 நாடுகளுள் 130ஆவது இடம். அதற்கு முந்தைய அறிக்கையில் 134ஆவது இடம். நான்கு படி ஏறியதில் மகிழ்ச்சிதான் என்றாலும், நாம் நின்ற இடத்திலேயே நின்று அடுத்தவர் சறுக்கினாலும் வரிசையில் நமக்கு ஏற்றம் கிடைத்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதே அறிக்கையில் இதைவிடப் பொருளுள்ள செய்தி ஒன்று இருந்தது: 1990இல் 58.6 ஆண்டுகளாக இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் 2023இல் 72 ஆண்டுகளாக உயர்ந்திருக்கிறது. இவ்வாறு ஒரு தலைமுறைக் காலத்தின் போக்கைக் காட்டும் எண்களை முதன்மைப்படுத்தி, அவற்றின் பக்கத்திலேயே அதே காலத்தில் நிலத்துக்கும் நீருக்கும் காட்டுக்கும் நேர்ந்ததையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நாட்டு வருமானக் கணக்கை அமெரிக்காவில் வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், அந்த வருமானத்தைக் கொண்டு மக்களின் நலத்தை மதிப்பிட்டுவிட முடியாது என்று 1934இலேயே அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்திருந்தார். அந்தக் குறையை ஓரளவு தீர்க்கவே மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்ற பொருளாதார அறிஞர்களின் முயற்சியால் 1990இல் மனித வளர்ச்சிக் குறியீடு வந்தது. ஆயுள், கல்வி, வருமானம் என்ற மூன்றும் அதில் உண்டு. அந்த நலம் எதைச் செலவழித்துக் கிடைத்தது என்ற கேள்வி அதில் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு அறிக்கையில், கரியமில வாயு வெளியேற்றத்தையும் மூலப்பொருள் நுகர்வையும் கணக்கில் கொண்ட ஒரு திருத்தக் குறியீட்டைச் சேர்த்தார்கள். முதலிடத்தில் இருந்த நார்வே அதில் 15 இடங்கள் இறங்கியது. நெதர்லாந்தில் 2006இல் தொடங்கப்பட்ட நிலைத்த சமூகக் குறியீடு மனித நலம், சுற்றுச்சூழல் நலம், பொருளாதார நலம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுகிறது. அதைத் தணிக்கை செய்த ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம், முதலிரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் செல்வதைச் சுட்டிக்காட்டியது. எதிரெதிராகச் செல்லும் இரண்டைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால் இரண்டுமே கண்ணில் படாமல் போகும்.

ஓராண்டின் பட்டியல் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவைவிடத் தெளிவான சான்று இல்லை. வெறும் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவு 1968இல் விடுதலை பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில், பாஸ்பேட் தோண்டி விற்ற பணத்தில், தனிநபர் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுடன் நின்றது. அன்றைய பட்டியலைப் பார்த்தவர்கள் அதை முன்மாதிரி நாடு என்றே எண்ணியிருப்பார்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய வீட்டில் அன்றைக்கு விருந்துதானே? தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் தோண்டப்பட்டுப் பயிருக்கும் குடியிருப்புக்கும் உதவாத பாறை முட்களாகிவிட்டது. சேமித்த பணமும் தவறான முதலீடுகளில் கரைந்து, நூற்றாண்டு முடிவதற்குள் நாடு கடனில் விழுந்தது.

எங்கள் கேரளத்துக்கு வருகிறேன். 2020இல் ஆயிரம் பிறப்புக்கு 6 என்ற அளவுக்குச் சிசு மரணத்தைக் குறைத்த மாநிலம் இது. அந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. பேசுகிறவர்கள் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் வயல் இன்று ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியிருப்பதும் இதே மாநிலத்தில்தான். மழைநீரைத் தாங்கி நிறுத்தி நிலத்துக்குள் இறக்கிவந்த வயல்கள் மனையாகவும் தோப்பாகவும் மாறிய பிறகு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது அந்தத் தண்ணீருக்குத் தங்க இடமில்லை. வெள்ளத்துக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை; சிசு மரணம், நெல் வயல் ஆகிய இரண்டின் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

மாநிலச் சராசரி மறைத்துவிடும் பகுதிகளும் உண்டு. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்வதாகப் பாடநூல் சொல்லும். பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் மக்கள் நிறைந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். அது சித்தூர் ஆற்றுக்கு வந்து சேர்கிறதா என்பதைப் பொறுத்தே இந்தத் தாலுகாவின் நெல் நிற்கிறது. வாய்க்கால் எட்டாத மேட்டுப்பகுதிக்கு நிலத்தடி நீரே கதி.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தப் பகுதியின் காலத்தொடரை, அதாவது ஆண்டுகளின் ஓட்டத்தில் நேர்ந்த மாற்றத்தை, கடன் விண்ணப்பங்களின் வழியே பார்த்திருக்கிறேன். பழைய பேரேடுகளில் கிணறு தூர்வாரவும் ஆயில் இன்ஜின் வாங்கவுமே கடன் கேட்டிருப்பார்கள். பிறகு கிணற்றை ஆழப்படுத்தவும் மின் மோட்டாருக்கும். அதன் பின் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் (பக்கவாட்டுத் துளை) போட. அடுத்து, கிணற்றை விட்டுவிட்டுத் தோட்டத்தில் புதிதாக போர் (ஆழ்துளைக் கிணறு) போட. கடைசியாக, முதல் போர் வற்றியதால் இரண்டாவது போருக்கு. ஒரே குடும்பத்தில் தாத்தா, தந்தை, மகன் ஆகிய மூவரின் விண்ணப்பங்களிலும் இந்த வரிசையைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் கடன் தொகை முந்தையதைவிடப் பெரிது; ஆழமும் அப்படியே. அதே குடும்பத்தின் கல்வியும் உடல்நலமும் தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்ததையும் நான் அறிவேன். மகன் பொறியியல் படித்தவர். குறியீட்டின் பார்வையில் இது முன்னேறிய குடும்பம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கிலோ சித்தூர் வட்டாரம் பல ஆண்டுகள் கேரளத்திலேயே அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதியாக இருந்தது.

பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடை உலகறிந்த பெயர். அங்கே 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய குளிர்பான ஆலை, கிணறுகள் வற்றிக் கெட்டதாக எழுந்த மக்கள் போராட்டத்துக்குப் பிறகு, 2004 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. போராட்டத்துக்கு முகமாக இருந்த பழங்குடிப் பெண்மணி மயிலம்மா 2007இல் காலமானார். இழப்பை ரூ. 216 கோடிக்கு மேல் என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்டது. அந்த இழப்பீட்டைப் பெற்றுத்தர 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே போயிற்று. இதில் கணக்கியல் சார்ந்த ஒரு விந்தையும் உண்டு. ஆலையில் நிரப்பிய ஒவ்வொரு பாட்டிலும் நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஏறியது. கிணறு கெட்ட வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த டேங்கர் லாரியின் வாடகையும் அதிலேயே ஏறியது. கிணறு கெட்டதைக் கழிப்பதற்கு மட்டும் அந்தக் கணக்கில் இடமில்லை.

போக்கை மாற்றிய நாடுகளும் இருக்கின்றன என்பதால்தான் காலத்தொடரை வலியுறுத்துகிறேன். கோஸ்டா ரிகாவின் காடு 1980களில் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. இன்று பாதிக்கும் மேல். 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி, எரிபொருள் வரியில் ஒரு பகுதியை எடுத்து, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். மாட்டிறைச்சி விலை வீழ்ந்து மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டதும் காடு மீண்டதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்நாட்டின் சராசரி ஆயுள் அமெரிக்காவுக்குக் குறைந்ததல்ல. கேரள அரசும் 2020 முதல் நெல் வயலை வயலாகவே வைத்திருப்பவர்களுக்கு ராயல்டி என்ற பெயரில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அதை 3,000 ஆக்கியது. மனை விலையோடு ஒப்பிட்டால் அது பேருந்துக் கட்டணத்துக்குக்கூடக் காணாது என்று விவசாயிகள் சிரிப்பது நியாயமே. இருந்தாலும், வயல் செய்யும் வேலைக்குக் கூலி உண்டு என்று அரசு ஏட்டில் ஏறியது நல்ல தொடக்கம் என்பதே என் எண்ணம்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை தரவரிசையை வெளியிடும்போது, 1990 முதல் அந்தந்த நாட்டின் ஆயுளும் கல்வியும் எப்படி மாறின, அதே ஆண்டுகளில் காடும் நிலத்தடி நீரும் கரியமில வாயு வெளியேற்றமும் எப்படி மாறின என்பதை ஒரே கட்டத்தில் அச்சிடுங்கள். நாடு அளவில் நிறுத்திவிடாமல் மாவட்டம், தாலுகா வரை இறங்குங்கள்.

மாநில அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2023இல் கேரளம் தொடங்கிய நீர் பட்ஜெட் திட்டத்தில் பஞ்சாயத்து வாரியாக நீர் வரவும் செலவும் கணக்கிடப்படுகின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த மூத்த விவசாயிகள் எங்கள் பகுதியில் ஏராளம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே வழங்கியிருக்கிறது. ஆகவே எல்லையோரப் பஞ்சாயத்துகளில் இந்தக் கணக்கைத் தமிழிலும் அச்சிட்டுக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்; வாசிக்கும்போது அந்த ஆண்டின் எண்ணோடு நிறுத்தாமல், நிலத்தடி நீர்த் துறையின் கண்காணிப்புக் கிணறுகளில் பதிவான முந்தைய ஆண்டுகளின் நீர்மட்டத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.