முதலில் கேஜைப் பூட்டும்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்பதில் சந்தோசம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. கிணறு முட்டி, கோடிப்புறமெல்லாம் ஒரே சேறு. மற்றப் புதினங்கள் ஆறுதலாய் எழுதலாம், உமது காரின் கதைதான் அவசரம்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய டீசல் கார்களுக்கு வந்த விலை உமக்குத் தெரியும். 2025 இல் திறந்துவிட்ட பிறகும் புதியது எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே 2சி டீசல் எஞ்சின் போட்ட ரொயோட்டா கொரோலாவை வாங்கினதில் பிழை இல்லை. ஆனால் சாவகச்சேரியிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வீதியில் நிற்கும்போது ஒயில் லைட் மின்னுகிறது, அக்சிலேற்றரைத் தொட்டால் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர். விற்றவர் 'சுவிச் மாற்றினால் சரி' என்கிறாராம். இருக்கலாம். ஒயில் அழுத்தத்தை அளக்கிற கேஜைப் பூட்டிப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

அந்த லைட் ஒயில் அழுத்தம் குறைகிறது என்று சொல்வதில்லை, அழுத்தம் அநேகமாக இல்லை என்றுதான் சொல்கிறது. லைட்டை எரிக்கிற ஒயில் சுவிச் வேலை செய்வது 0.2 முதல் 0.5 பார் வரையில், அதாவது 3 தொடக்கம் 7 பிஎஸ்ஐ. சைக்கிள் ரயரில் அவ்வளவு காற்று இருந்தால் றிம் நிலத்தில் தட்டும். 40 இல் நிற்க வேண்டியது 12 க்கு இறங்கினாலும் லைட் எரியாது.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் செய்யும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிப்பாட்டிப் பத்து நிமிசம் கழித்து ஒயில் கம்பியை இழுத்துப் பாரும். மட்டம் குறைந்திருந்தால் வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் லைட் மின்னும். மட்டம் கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். கம்பியை மணந்து பாரும். டீசல் மணத்தால், நொசில் (டீசல் தெளிக்கிற முனை) சொட்டி, பிஸ்ரன் ரிங்கைத் தாண்டிச் சம்புக்குள் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டு) இறங்குகிறது என்று பொருள். ஒரு துளியை வெள்ளை ரிசுப் பேப்பரில் விட்டு ஒரு மணித்தியாலம் வையும். கறுப்புப் பொட்டைச் சுற்றி எண்ணெய்க்கடதாசி போல வெளிறின வளையம் அகலமாய்ப் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. 2சியில் டீசல் பம்ப் ஓடுவது ரைமிங் பெல்ட்டில். அந்தப் பம்பின் சீல் கசிந்தால் டீசல் பெல்ட் கவருக்குள் வரும், சம்புக்குப் போகாது. பம்ப் கியரில் ஓடுகிற எஞ்சின் என்றால் கதை வேறு. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் றேடியேற்றர் தண்ணீர் கலந்திருக்கிறது. 2சியின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வெடிப்புக்குப் பேர்போனது, உடனே நிறுத்தும். வெறும் கறுப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. டீசல் எஞ்சினில் ஒயில் மாற்றி மறுநாளே கறுத்துப் போகும்.

அடுத்தது வயர். திறப்பைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், ஒயில் சுவிச்சின் ஒற்றை வயரைக் கழட்டும். லைட் அணைய வேண்டும். வயரை எஞ்சின் உடம்பில் தொட்டால் எரிய வேண்டும். கழட்டியும் எரிந்தால் வயர் எங்கேயோ தோல் உரிந்து காரின் உடம்பில் முட்டுகிறது. இன்னொரு கள்ளமும் உண்டு: விற்பதற்காக ஒயில் லைட்டைக் கழட்டி சார்ஜ் லைட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், இரண்டும் ஒன்றாய் எரிந்து ஒன்றாய் அணையும். உம்முடையது மின்னுகிறதால் அந்தக் கள்ளம் இல்லை.

இனிக் கேஜ். 0 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டுகிற, ஹோஸ் உள்ள மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைக் கராஜில் இரவல் வாங்கும். ஒயில் சுவிச்சைக் கழட்டி அந்தத் துளையில்தான் அதைப் பூட்டுவது. ஸ்ரான்லி வீதிக் கடைகளில் வாங்குவதானால் புரியை வடிவாய்ப் பார்த்து வாங்கும். யப்பான் கார்களுக்கு 1/8 பிஎஸ்பிடி என்கிற புரி வகை, அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்கப் பெட்டிகளில் வருவது 1/8 என்பிடி, 27 புரி. இரண்டு சுற்று வடிவாய் ஏறும், மூன்றாவதில் இறுகும், அதற்கு மேல் முறுக்கினால் புளொக்கின் புரி போய்விடும். பிறகு சுவிச்சைத் திருப்பிப் பூட்டும்போது வெள்ளை ரெஃப்லோன் ரேப்பைக் கட்டுக்கட்டாய்ச் சுற்ற வேண்டாம். சுவிச்சுக்கு ஏர்த் வருவதே அந்தப் புரியால்தான்.

குளிர் எஞ்சினில் பார்த்த அளவு ஒன்றுக்கும் உதவாது. தடித்த ஒயில் எந்தத் தேய்வையும் மறைக்கும். 20 நிமிசம் ஓடிவிட்டு வந்து, ஏசியை நிப்பாட்டி, இரண்டு அளவு எடும்: ஐட்லிங்கில் (அக்சிலேற்றரை மிதிக்காமல் ஓடும்போது) ஒன்று, 3000 ஆர்பிஎம்மில் ஒன்று. சூட்டில் ஐட்லிங்குக்குக் கம்பனி கேட்பது 4 பிஎஸ்ஐ மட்டும்தான். 3000 இல் 36 க்குக் கீழே போகக் கூடாது. நான் என்றால் ஐட்லிங்கில் 10 ஆவது பார்க்க விரும்புவேன்.

இரண்டும் நல்லாயிருந்தால் விற்றவர் சொன்னது உண்மை, சுவிச்சை மாற்றிவிட்டுப் பேசாமல் ஓடும். ஐட்லிங்கில் மட்டும் குறைவென்றால் முதலில் ஐட்லிங் வேகத்தையே பாரும். 750 இல் ஓட வேண்டியது 550 க்கு இறங்கியிருந்தால் ஒயில் பம்பும் அவ்வளவுக்கு மெதுவாய்த்தான் சுற்றும். வேகம் சரியென்றால் மெலிந்த ஒயில் அல்லது தேய்ந்த பெயரிங். இரண்டுமே குறைவென்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது அழுத்தம் கூடினால் திறந்துவிடுகிற றிலீஃப் வால்வு கசடில் திறந்தபடி சிக்கியிருக்கலாம். வால்வுதான் என்றால் கழுவிப் பூட்டினால் போதும், பம்ப் வாங்கத் தேவையில்லை.

எல்லாரும் தவறவிடுகிற அடையாளம் ஒன்று உண்டு: ரேஸ் பண்ணும்போது கேஜ் முதலில் ஏறி, பிறகு வேகம் கூடக் கூட விழுந்தால், அல்லது முள்ளு நடுங்கினால், சம்புக்குள் இருக்கிற உறிஞ்சுகுழாயின் சல்லடை அடைபட்டிருக்கிறது. பம்ப் இழுக்கிறது, ஒயில் வரவில்லை. சம்பைக் கழட்டிச் சல்லடையை வெயிலில் பிடித்துப் பாரும். வலையில் தார் போலக் கறுப்புக் களி இருந்தால் வருசக்கணக்காய் ஒயில் மாற்றாத வண்டி. சிவப்பு அல்லது நீலத்தில் புழுப் போல றப்பர்த் துண்டுகள் இருந்தால் முன்பு சம்ப் பூட்டினவர் சிலிக்கனை அள்ளி அப்பியிருக்கிறார். வெளியே பிதுங்கினது நமக்குத் தெரியும், உள்ளே பிதுங்கினது அறுந்து சல்லடையில் ஒட்டும். பூசுவதற்கு 3 மில்லிமீற்றர்க் கோடு போதும். குழாய் மூட்டில் இருக்கிற ஓ-ரிங்கையும் அதோடு மாற்றும். அது காய்ந்து வெடித்தால் பம்ப் காற்றை இழுக்கும்.

சம்ப் திறந்த கையோடு ஒரு பெயரிங் மூடியையும் கழட்டிப் பாரும். உள்ளே இருக்கிற ஷெல் (பெயரிங்கின் மெல்லிய உள்தகடு) சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது, செம்பு தெரிந்தால் மேல்பூச்சுப் போய்விட்டது. பிளாஸ்ரிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டுகிற பிளாஸ்ரிக் நூல்) வைத்துப் பார்க்கும்போது இடைவெளி 0.10 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஷெல் மாற்றத்தான் வேண்டும். பழைய ஒயில் பில்டரையும் எறிய வேண்டாம். இரும்பறுக்கிற வாளால் அறுத்தால் அதன் தூளே கடதாசியில் கிடந்து ஏமாற்றும். விளிம்பைத் தகரக் கத்திரியால் வெட்டி, கடதாசியை விரித்து வெயிலில் பாரும். செம்புப் பொடி மினுங்குகிறதோ என்று தெரியும்.

இரண்டு புத்தி கட்டாயம் சொல்லுவார்கள். ஒன்று, 20டபிள்யூ-50 என்கிற தடித்த ஒயிலைப் போடு என்பது. லைட் அணையும், தேய்வு அப்படியே கிடக்கும். அது காரை விற்கப் போகிறவனுக்கு உதவும், வைத்திருக்கப் போகிறவனுக்கு இல்லை. 15டபிள்யூ-40, டீசலுக்குரிய சிஎஃப்-4 தரம் அல்லது அதற்கு மேல், அதுவே எங்கள் வெயிலுக்குக் காணும். மற்றது, டீசலை ஊற்றிப் பத்து நிமிசம் ஓடவிட்டுக் கழுவு என்பது. களி பிடித்த எஞ்சினில் அதைச் செய்தால் கரைந்து கழன்றதெல்லாம் நேரே சல்லடைக்குப் போகும். சம்பைக் கழட்டிக் கையால் கழுவும். பிறகு நல்ல ஒயில் போட்டு 1000 கிலோமீற்றரில் ஒருக்கால், 2500 இல் ஒருக்கால் மாற்றும்.

அளவு எடுக்கும் வரைக்கும் தூரப் பயணம் வேண்டாம். ஓடும்போது லைட் அணையாமல் எரிந்தால் 'மெதுவாய்க் கராஜுக்குப் போய்ச் சேரலாம்' என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே எஞ்சினை நிப்பாட்டிக் கட்டி இழுப்பியும்.

இரண்டு அளவையும், கம்பி என்ன மணத்தது என்பதையும் எழுதி அனுப்பும். சம்ப் கழட்டுகிற நாளை முன்கூட்டியே சொன்னால் பிளாஸ்ரிகேஜ் கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லும், முருங்கைக்காய்க் குழம்பு இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்பேன்.

அன்புடன்,
உமது நண்பன்