அந்தப் பூட்டை நீங்களே எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ் எழுத்துரு மென்பொருள் நிறுவன நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருளைக் காசு கொடுத்து, ரசீதோடு வாங்கிய ஒரு சின்ன டிடிபி நிலையத்திலிருந்து எழுதுகிறேன். விவகாரம் உங்கள் சேவைப் பிரிவுக்கு மனப்பாடம். அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன்: விற்பனையை நிறுத்திவிட்ட அந்தப் பழைய பதிப்புக்கு, டாங்கிள் (கணினியில் செருகினால்தான் மென்பொருள் வேலை செய்யும் பூட்டுக் கருவி) இல்லாமல் ஓடும் ஒரு கோப்பைக் கொடுங்கள்.

போன வாரம் ஒரு மறுபதிப்பு வேலை வந்தது. பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டிய புத்தகம். விண்டோஸ் 10 கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதாவது கணினிக்குள்ளேயே இன்னொரு கணினிபோல் ஓடும் விர்ச்சுவல் மெஷின் அமைத்து, அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருக்கிறேன். 512 எம்பி நினைவகமே அதற்குத் தாராளம். 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தராமல் கைகழுவிவிட்டதால் உள்ளே இணையம் கிடையாது. கோப்பு திறந்தது, பக்கங்கள் வரி பிசகாமல் வந்தன. 'பள்ளி ஆசிரியர்' ஓரிடத்தில் 'பல்லி ஆசிரியர்' ஆகியிருந்தார். வேறு பக்கத்திலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டி அவரை மீட்டுவிட்டேன். அப்புறம் நூலாசிரியர் புதிய முன்னுரை ஒன்றை அனுப்பினார், அதே எழுத்துருவில் வேண்டுமாம். முன்னுரையை எழுத்தெழுத்தாகவா ஒட்டுவது? தட்டச்சு செய்யப் போனால் டாங்கிளைக் காணோம் என்கிறது உங்கள் மென்பொருள்.

எப்படிக் காணும்? அது 25 ஊசி பேரலல் போர்ட்டில், அதாவது அந்தக் காலத்தில் பிரிண்டரைச் செருகிய வாயில், மாட்டும் டாங்கிள். இன்றைய கணினியில் அதைச் செருக இடமே இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கிப் பார்த்தாயிற்று. அது பிரிண்டரோடு பேசுகிறது, டாங்கிளைக் கண்டுகொள்வதில்லை. வெளியே இல்லாத போர்ட்டை உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு யார் கொடுப்பது? கடைசியில் மூலையில் கிடந்த பென்டியம் 4-ஐ எழுப்பினேன். தேதியை நினைவில் வைக்கும் சிமோஸ் பேட்டரி செத்து, தேதி 2002 என்று காட்டியது. எஃப்1 அழுத்தி உள்ளே போய், விசிறி கத்தக் கத்த முன்னுரையை அடித்து முடித்தேன். அடுத்த புத்தகம் வரும்வரை அது உயிரோடு இருக்குமா, தெரியாது.

புதிய பதிப்பை வாங்குங்கள் என்றார் உங்கள் ஊழியர். வாங்கலாம், அதில் அந்தப் பழைய எழுத்துரு இருந்தால். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று தமிழ் எழுத்துருக் குறியீட்டுக்குத் தரம் வகுத்தது. 2010-இல் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு வந்தது. உங்கள் எழுத்துரு எதற்கும் வணங்காத தனிக்காட்டு ராஜா; என்னிடம் உள்ள எந்த எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டாலும் பாதி கேள்விக்குறியாக வருகிறது. டாங்கிளை உடைத்த திருட்டு நகல் வைத்திருப்பவரோ இதே விர்ச்சுவல் மெஷினில் நிம்மதியாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். பூட்டு யாருக்குப் போட்டதோ அவரைத் தவிர எல்லோரையும் அது தடுக்கிறது. நல்ல காவல்!

சரி, கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாங்கிள் கேட்காத ஒரு கோப்பு, அவ்வளவுதான். இலவசம் வேண்டாம், நியாயமான கட்டணம் சொன்னால் செலுத்துகிறேன். ரசீதின் நகலையும் டாங்கிளின் வரிசை எண்ணையும் உங்கள் அலுவலகத்துக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து இந்த முறையாவது பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்