தெகார்த்தும் சுவாரெஸும்: உன் கட்டுரை பற்றி

அன்புள்ள சுந்தரம்,

கட்டுரை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தைப் பற்றிய உன் எழுத்து நன்றாக ஓடுகிறது. ஆனால் "தெகார்த் பழையதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்" என்று, இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவ மரபை மனதில் வைத்து ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. மூர்த்தி சார் பார்த்திருந்தால் சிவப்பு மை பாட்டிலையே கவிழ்த்திருப்பார்!

அந்தப் பழைய மரபைச் சேர்ந்த ஸ்பானியத் தத்துவவாதி சுவாரெஸின் 1597ஆம் ஆண்டு நூலில் 54 விவாதங்கள். அதில் 7ஆவதை எடு, இரண்டு விஷயங்கள் எப்படியெல்லாம் வேறுபடலாம் என்பது பற்றியது. இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று இருக்க முடிந்தால் அது மெய் வேறுபாட்டின் அடையாளம். ஒருபக்கம் மட்டும் பிரிந்தால் பாங்கு வேறுபாடு, அதாவது பொருளுக்கும் அதன் நிலைக்கும் உள்ள வேறுபாடு: உருண்டை மெழுகைத் தட்டையாக்கினாலும் மெழுகு இருக்கும், மெழுகில்லாமல் அந்த உருண்டை நிற்காது. மூன்றாவது, நம் சிந்தனை மட்டும் பிரிப்பது. இப்போது தெகார்த்தின் 1644ஆம் ஆண்டு 'கோட்பாடுகள்', முதல் பாகம், 60 முதல் 62 வரை படி. அதே மூன்று வகை! முன்பு தன் 'தியானங்கள்' நூலை விமர்சித்த கேட்டரஸுக்கு எழுதிய பதிலில் பின்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதை 62இல் அவரே குறிப்பிடுகிறார். தூக்கிப் போட்ட சரக்கை யாராவது இப்படி உட்கார்ந்து சீர்செய்வார்களா?

இன்னொன்று, இது விளையாட்டில்லை. "மனத்தை உடலின்றி நினைக்க முடிகிறது, ஆகவே வேறு" என்று ஒரே தாவலில் முடித்துவிட்டாய். 'தியானங்கள்' நூலின் ஆறாம் தியானத்தில் நடுவே ஒரு படி இருக்கிறது: நான் தெளிவாகத் தனித்தனியே அறிவதைக் கடவுளால் தனித்தனியே ஆக்க முடியும், எந்த ஆற்றலால் பிரிகிறது என்பது பொருட்டல்ல, பிரிய முடிந்தால் போதும். அந்தப் படியை உருவினால் வாதம் வெறும் கற்பனையாகிவிடும். இன்னொரு விமர்சகர் அர்னோ அந்த இடத்தில்தான் கை வைத்தார்: செங்கோண முக்கோணத்தை அறிந்தவன் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பதை அறியாமல் இருக்கலாம், அதனால் அந்தப் பண்பு முக்கோணத்திலிருந்து பிரிந்துவிடுமா? தெகார்த்தின் பதில், மனம் தனியே முழுப்பொருளாக அறியப்படுகிறது, முக்கோணத்தின் பண்பு அப்படியல்ல என்பது. அதாவது ஒன்றில்லாமல் ஒன்று இருக்க முடியுமா என்ற, சுவாரெஸின் அந்தப் பழைய சோதனைதான் மறுபடியும்.

இந்தப் பழைய மரபுப் புத்தகங்களை 20 வருடமாகத் தொடவில்லை என்று 1640இல் தெகார்த் தன் நண்பர் மெர்சென்னுக்கு எழுதினாரே என்பாய், தெரியும். எழுதிய கையோடு அதே மரபைச் சேர்ந்த யூஸ்டாசியஸின் பாடநூலை வாங்கி, அந்த வகையில் இதுவே சிறந்தது என்றும் எழுதினார். அதையும் சேர்த்துச் சொல்.

ஆறாம் தியானப் பத்தியைத் திருத்தி முதலில் எனக்கு அனுப்பு. அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
கணேசன்