கூண்டு ஏறியதை எங்களுக்கும் சொல்லுங்கள்

தமிழில் த்ரில்லர் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். நாட்டுப்படகு மீனவர் வீட்டில் பிறந்தவள். உங்கள் படங்களை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிறவள்.

போன மாதம், எங்கள் கடற்கரையில் எடுத்த ஒரு படத்தை ராமநாதபுரம் போய்ப் பார்த்தேன். படத்தின் பெயர் வேண்டாம். ராத்திரி நேரம், கரையில் ஏற்றிவைத்த ஒரு படகு, அதை நோக்கி ஒரு பெண் நடக்கிறாள். அவள் கால் மணலில் பதியும் முன்பே முரசு அதிர ஆரம்பித்துவிட்டது. படகுக்குள்ளிருந்து ஒருவன் பாய்ந்தான். தியேட்டர் ஒரு துள்ளு துள்ளியது. அவ்வளவுதான், அடுத்த நிமிஷமே பின்வரிசையில் ஊர்ப்பேச்சு. என் பக்கத்திலிருந்த சின்னப் பையன் காட்சி முடியும்வரை காதைப் பொத்திக்கொண்டிருந்தான், சத்தம் தாங்காமல்.

அந்த ஆள் படகுக்குள் ஒளிவதை எங்களுக்கு முன்கூட்டியே காட்டியிருக்கலாமே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கார்த்திகை மாதம். அப்பா விடியுமுன் தென்கடலுக்குப் போயிருந்தார். கடலுக்குப் போனவரிடம் போன் இல்லாத காலம். மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது துறைமுகக் கம்பத்தில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏறியிருந்தது. அம்மாவும் பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காயப்போட்ட நெத்திலியை வாரிச் சாக்கில் கட்டினாள். உலை வைத்தாள். அப்பாவுக்கும் சேர்த்தே அரிசி அளந்தாள். படியைத் தலைதட்டிய அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று இன்னும் பலக்கவில்லை, கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் கூண்டைப் பார்த்த கண்ணுக்கு எதுவும் பழையபடி இல்லை. நாய் குரைத்தால் நெஞ்சு அடித்தது.

கூண்டு ஏறியது எங்களுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அன்றைய சாயங்காலம் முழுக்க எங்களை அழுத்தியது அதுதான்.

1962-இல் த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் நாள்கணக்கில் பேசியது பின்னால் புத்தகமாக வந்தது. அதில் மேஜைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றிச் சொல்கிறார். யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும், அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் பார்ப்பவருக்குத் தெரிந்து, மேஜையில் இருப்பவர்கள் சும்மா கதை பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷத் தவிப்பு. படித்தபோது எனக்குத் துறைமுகக் கம்பம்தான் கண்ணில் நின்றது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கூண்டு வரிசையில் 10-ஆம் எண் பெரும் அபாயம். அதற்கும் மேலே 11 இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் ஏற்றுவது அது. தகவல் இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலான எண். ஆனால் ஒன்றிலிருந்து பத்துவரை என்னவென்று அறிந்தவனைத்தான் பதினொன்று நடுங்கவைக்கும். முதலில் சொல்லுங்கள், பிறகு மறையுங்கள்.

இனி சத்தம். அன்று இருட்டியதும் அம்மா வாசலில் உட்கார்ந்து காதைக் கடல் பக்கம் வைத்தாள். எங்கள் படகு இன்ஜின் நடுநடுவே ஒரு அடி விட்டு அடிக்கும், சரிபார்க்கக் காசில்லை. படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. சீராகத் தடதடத்து வந்த ஒவ்வொரு இன்ஜினும் வேறு யாரோ ஒருத்தியின் அப்பா. எட்டு மணிக்குமேல் அந்த விட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போய்க் குழம்பைச் சூடு பண்ணினாள். இதன்மேல் நீங்கள் வயலினை இழைத்தால் எங்களுக்கு அந்த விட்ட அடி கேட்குமா?

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' 1963-இல் வந்தது. அதில் வழக்கமான பின்னணி இசையே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள், உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள், அவள் முதுகுக்குப் பின்னால் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. அவள் திரும்புவதற்குள் நமக்கு உயிர் போய்விடுகிறது. 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. உப்புத்தண்ணீரோடு மாரடிக்கும் எங்களுக்கு அது நன்றாகப் புரியும். சுறாவைக் காட்ட முடியாத இயக்குநர் ஸ்பீல்பெர்க், அது இழுத்துக்கொண்டு போகும் மிதக்கும் பீப்பாய்களைக் காட்டியே கதிகலங்க வைத்தார். நம்மிடமும் 1954-இலேயே ஒரு பாட்டுகூட இல்லாமல் 'அந்த நாள்' வந்திருக்கிறதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பேய் வீடாகக் காட்டாதீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோன இடம் அது. இந்தக் கரையில் அதைக் கேட்டு வளராத பிள்ளை இல்லை. முடிவு என்னவென்று தெரிந்தும், பாட்டி சொல்லச் சொல்ல அந்த ரயில் கிளம்பாமல் நின்றுவிடாதா என்று ஒவ்வொரு தடவையும் ஏங்கியிருக்கிறோம். உங்கள் படத்தில் தேடுவது அந்த ஏக்கத்தைத்தான். புகைமூட்டமும் வெள்ளைச்சேலையும் அதைத் தராது.

அடுத்த படத்துக்கு இங்கே வருவதென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். கேமராவை இறக்குமுன் உங்கள் ஒலிப்பதிவாளரை இருட்டிய பிறகு கரையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எந்த இன்ஜின் யாருடையது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் அவருக்குச் சொல்லித் தருவார்கள்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஒரு ரசிகை