டைல்ஸ் மூடுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர் ஜாஸ்தியா இருக்கற ஊர்கள்ல வீடு கட்டுறவங்க தரைக்கு அடியில கரண்ட் ஹீட்டிங் போடணும்னு ஆசைப்படுறாங்க, நல்ல விஷயம்தான். நான் வயரிங் வேலை பாக்குறவன். டைல்ஸ் என்ன கலர், சூட்டக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்ட போன்ல இருந்து ஆன் பண்ணலாமா, இதெல்லாம் எல்லாரும் விசாரிக்கிறாங்க, ஆனா டைல்ஸுக்கு அடியில புதையப் போற கேபிள டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. அதனாலதான் இந்த லெட்டர்.

ஒவ்வொரு கேபிளுக்கும் அதோட மின்தடை இத்தன ஓம்னு லேபிள்ல போட்டிருக்கும். பெட்டியப் பிரிச்ச உடனே ஒரு தடவ, தரையில விரிச்சு ஒட்டுனதும் ஒரு தடவ, டைல்ஸ் ஒட்டி முடிச்சதும் ஒரு தடவ மல்டிமீட்டர் வச்சுப் பாத்து அந்த நம்பர எழுதி வைக்கணும், கூடவே மெக்கர்ங்கிற டெஸ்டர வச்சு கேபிளோட மேலுறையில கரண்ட் கசியுதான்னும் பாக்கணும். ஏன்னா கொத்தனார் கரண்டி முனை லேசா பட்டாலே போதும், கேபிள் மேல வெட்டு விழுந்துரும், வெளிய ஒண்ணுமே தெரியாது. டைல்ஸ் ஒட்டுன பிறகு தெரிஞ்சா தெர்மல் கேமரா கொண்டு வந்து இடத்தக் கண்டுபிடிச்சு தரைய ஒடைக்கணும், பாவம் வீட்டுக்காரங்க. மூடுறதுக்கு முன்னாடி முழுத் தரையையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி யாராவது ட்ரில் போடும்போது உதவும்.

இடத்துக்கு நீளமா இருக்குன்னு சில பேர் கேபிளையே வெட்டிர்றாங்க. அது கூடவே கூடாது. வலையில கேபிள் ஒட்டி வர்ற மேட் டைப்பா இருந்தா அந்த வலைய மட்டும் வெட்டித் திருப்பலாம், கேபிள்ல கை வைக்கக் கூடாது, நீளம் குறைஞ்சா ஓம் குறையும், கரண்ட் ஏறும், சூடு அளவுக்கு மீறிப் போயிரும். ஒரு கேபிள் மேல இன்னொண்ணு ஏறவும் கூடாது. தரைச் சூட்ட அளக்குற சென்சார் வயர ரெண்டு கேபிள் வரிசைக்கு நடுவுல ஒரு சின்ன பைப்புக்குள்ள விடுங்க, கெட்டுப்போனா உருவி மாத்திக்கலாம். கப்போர்டு, பாத்டப் மாதிரி நகராத சாமான் வர்ற இடத்துல கேபிளே வேண்டாம், அங்க சூடு வெளியேற வழியில்லாம அடைஞ்சுக்கும்.

எதுக்காகப் போடுறோம்கிறத முதல்லயே முடிவு பண்ணிருங்க. சதுர மீட்டருக்கு 100ல இருந்து 150 வாட் வரைக்கும்தான் பொதுவா வரும். பாத்ரூம்ல சாமான் போக 4 சதுர மீட்டர் காலி இருந்தா அதிகபட்சம் 600 வாட், ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கறத விடக் கம்மி, தாராளமா போடலாம். ஆனா முழு வீட்டையும் இத வச்சே சூடாக்கணும்னா கணக்கு வேற. இதுல 1 யூனிட் கரண்ட்டுக்கு 1 யூனிட் சூடுதான், வெளிக்காத்துல இருக்கற சூட்ட இழுத்துத் தர்ற ஹீட் பம்ப் வச்சு, தரைக்கு அடியில பைப்புல சுடுதண்ணி ஓட்டுனா அதே 1 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 3 யூனிட் சூடு கிடைக்கும். பெரிய வீட்டுக்கு அதையும் விசாரிச்சுட்டு முடிவெடுங்க. எது போட்டாலும் கான்கிரீட் மேல சூட்டத் தடுக்குற இன்சுலேஷன் போர்டு கட்டாயம் வேணும், இல்லன்னா நிறையச் சூடு கீழ இறங்கிரும், தரை சூடாக ரொம்ப நேரமும் ஆகும்.

மரத் தரைன்னா மேற்பரப்பு பொதுவா 27 டிகிரிய தாண்டக் கூடாது, அதுக்கு மேல போனா பலகை சுருங்கி இடைவெளி விழும். ஈரம் படுற இடத்துல 30 மில்லிஆம்ப்ல, இல்ல அதுக்கும் கீழயே ட்ரிப் ஆகற, கரண்ட் கசிஞ்சா சப்ளைய நிறுத்துற லீக்கேஜ் பிரேக்கர் இல்லாம கனெக்‌ஷனே கொடுக்க விடாதீங்க. அப்புறம், பசை சீக்கிரம் காயட்டும்னு சில பேர் ஹீட்டிங்க ஆன் பண்ணிர்றாங்க, அது டைல்ஸோட பிடிப்பையே கெடுத்துரும், பசை கம்பெனி சொல்ற நாள் வரைக்கும் பொறுங்க.

வீடு கட்டுறது பத்தி உங்க பேப்பர்ல எழுதும்போது அந்த மூணு தடவ ஓம் பாக்குறதையும் ஒரு வரி சேத்துப் போடுங்க, வேலை முடிஞ்சு பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பர் எழுதுன பேப்பர வீட்டுக்காரங்க கேட்டு வாங்கிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்