பிட்டு வேண்டாம் என்ற விருந்தாளி

பேர்ண், சுவிற்சர்லாந்து
யூலை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். உன்னுடைய சுகத்தையும் மருமகள், பிள்ளைகளின் சுகத்தையும் அறிய ஆவல். ஈபெல் கோபுரத்தின் முன்னால் நாங்கள் நிற்கும் படம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தாய். அது வராது. கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம், போதும். நீ காசு செலவழித்து டிக்கெட் எடுத்துத் தந்தது இடம் பார்க்க என்று நினைத்திருப்பாய். நான் வந்தது ஆட்களைப் பார்க்க. கோப்பாய் ஆசிரியர் கலாசாலை விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு ஆளுக்கொரு நாட்டில் போய் விழுந்தார்கள். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் போன வீடெல்லாம் பிட்டு, இடியப்பம், சொதி. நல்லூரில் தினமும் நானே அவிக்கிற பிட்டைச் சாப்பிடவா விசாவுக்கு அவ்வளவு கடதாசி கொடுத்து, முப்பதாயிரம் யூரோவுக்குக் காப்புறுதி எடுத்து, பறந்து வந்தேன்?

முதல் சண்டை டோர்ட்முண்டில். அந்த அறைத்தோழிகளில் ஒருத்தியான உன் ஜேர்மனி மாமி விடியவே எழும்பி இடியப்பம் பிழிந்து வைத்திருந்தாள். உன் பிள்ளைகள் இங்கே என்ன சாப்பிட்டு வளர்ந்தார்களோ அதை எனக்கும் போடு என்றேன். உனக்குப் பிடிக்காது என்றாள். மனையியல் படிப்பித்தவளிடம் அந்தக் கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனாலும் பின்னேரம் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஸ்பார்கல் வாங்கினோம். நமது சாத்தாவாரியின் இனம்தான், ஆனால் இவர்கள் சாப்பிடுவது தண்டின் குருத்தை. வெயில் படாதபடி மண்ணை மேடாக அணைத்து வளர்ப்பதால் வெள்ளை வெளேரென்று இருக்கும். நுனி மண்ணுக்கு வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே தோண்டி, நீளக் கத்தியால் ஒவ்வொன்றாகக் கையால் வெட்டுகிறார்கள். விலை ஏன் அப்படி என்று அப்போதுதான் விளங்கியது.

தோல் சீவுவதில்தான் எல்லாமும். நுனியை விட்டுவிட்டு, அதற்குக் கீழிருந்து அடிவரை ஒரே இழுவையாகச் சீவ வேண்டும். கொஞ்சம் தோல் தங்கினாலும் வாயில் தும்பு தட்டும். மாமி வேலை செய்வது முதியோர் இல்லத்துக் குசினியில். மே மாதம் முழுக்க இந்த வேலைதானாம், கை தானாகவே போகிறது. சீவிய தோலையும் எறியாமல் அவித்து, அந்தத் தண்ணீரில் உப்பும் சிறிது சீனியும் பட்டரும் போட்டுத் தண்டை வேகவைத்தாள். உருக்கிய பட்டர், அவித்த புது உருளைக்கிழங்கு, வேறொன்றும் இல்லை. மெல்லிய இனிப்பு, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. அப்பா ஒரு துண்டு கடித்துவிட்டுத் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் தேடினார். (சாப்பிட்டபின் சிறுநீர் ஒரு மாதிரி மணக்கும். பயப்பட ஒன்றுமில்லை. இதை மருமகளுக்கு வாசித்துக் காட்டாதே.)

யூன் 24ஆம் திகதியோடு வெட்டை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு செடி தழைத்து, அடுத்த வருடத்துக்கு வேரில் சத்துச் சேர்க்க வேண்டுமாம். எங்கள் பக்கமாக இருந்தால் விலை விழும்வரை வெட்டித் தள்ளியிருப்போம்.

சீவிக்கொண்டே மாமி தன் கதையைச் சொன்னாள். வந்த புதிதில் அகதி விடுதியில் இருந்தபோது அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகவே அனுமதிக் கடிதம் வேண்டுமாம். ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்த சொந்தத் தமக்கையைப் பார்க்கவும் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியிருந்ததாம். இடியப்பத் தட்டைச் சுற்றி இருந்து கதைத்திருந்தால் இது வந்திருக்காது, ஊர்க்கதைதான் வந்திருக்கும்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும் போனோம். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில், கூட்டம் சொல்ல முடியாது. அதைப் பற்றி அப்பா தனியாக எழுதுவார், அன்று அன்னதானத்தில் சோறு கண்ட மகிழ்ச்சி அவருக்கு இன்னும் தீரவில்லை.

பாரிஸில் நடந்ததுதான் எனக்குப் பெரிது. அந்த மாமியின் வீடு லா கூர்நேவில். மாமா வந்த காலத்தில் உணவகத்தில் கோப்பை கழுவியவர். பிறகு காய்கறி வெட்டி, சட்டி பிடித்து, சமையலாளாகவே ஓய்வு பெற்றவர். நான் வழக்கம்போல் பிட்டு வேண்டாம் என்று தொடங்கியதும் மாமி, "இவரைத்தான் கேட்க வேண்டும், எனக்கு அந்தச் சமையல் தெரியாது" என்றாள். மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு பை வெங்காயத்தோடு வந்து நின்றார்.

வெங்காய சூப். மெல்லிதாக நறுக்கிய வெங்காயத்தைப் பட்டரில் போட்டுச் சின்ன நெருப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிண்டினார். நான் நெருப்பைக் கூட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். வெள்ளை வெங்காயம் தேன் நிறமாகி, பிறகு மண்ணிறமாகி, ஒரு பிடியாகச் சுருண்டது. வழக்கமாக மாட்டெலும்பு அவித்த தண்ணீர்தான் ஊற்றுவார்களாம், எங்களுக்காகக் கோழி எலும்பு. மேலே பாண் துண்டும் துருவிய சீஸும் வைத்து, போறணையில் கொதிக்கக் கொதிக்க எடுத்தார். மாமி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஊராருக்கு அவர் சமைத்ததை அவள் அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிடுகிறாளாம். வேலையால் வரும்போது இரவு பன்னிரண்டு தாண்டிவிடும், வந்தவருக்குச் சோறும் கறியும் வேண்டும், இதற்கெல்லாம் எங்கே நேரம் என்றாள். மாமா எழும்பிப் போய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பாணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கெற் என்கிற நீளப் பாண். அதில் "திரடிசியோன்" என்று கேட்டு வாங்கினால் மா, தண்ணீர், உப்பு, புளிப்பு, இவ்வளவும்தான் அடிப்படை. வேறு இரசாயனம் கலக்கவோ உறையவைக்கவோ கூடாது என்று 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் வைக்கும் பக்கெற் போட்டியில் 2023இல் முதலிடம் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்சன் செல்வராஜா. வென்றவர்தான் ஒரு வருடத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுப்பார். மாமா இதைத் தன் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல மூன்று தரம் சொன்னார். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கும் போனோம். அங்கே வாங்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் நம்மூர்த் திருநெல்வேலிச் சந்தையில் கிடைப்பவை.

இப்போது பேர்ணில். சுவிஸ் மாமியிடம் பொண்டு என்கிற உருக்கிய சீஸ் சாப்பாட்டைச் செய் என்றதும் அவளுடைய பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது பனிக்காலத்துச் சாப்பாடு, யூலையில் யாரும் செய்வதில்லையாம். என்றாலும் செய்தார்கள். உள்ளிப்பூண்டு தேய்த்த கனத்த மண்சட்டியில் குரூயேர் சீஸும் வாஷ்ரான் சீஸும் பாதிக்குப் பாதி போட்டு, வெள்ளை வைன் விட்டு உருக்குகிறார்கள். வைன் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. சட்டி மேசை நடுவில் சின்ன அடுப்பில் இருக்கும். நீள முள்ளுக்கரண்டியில் பாண் துண்டைக் குத்தித் தோய்த்துச் சாப்பிட வேண்டும், பாணை உள்ளே தவறவிட்டவருக்குத் தண்டனை. முடிந்ததும் அடியில் பிடித்த பொருக்குக்கு, சோற்றுப்பானை அடிக்கு நீயும் அக்காவும் பட்ட சண்டைதான். அப்பா அந்தப் பொருக்கில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் கிழமை ஊருக்குத் திரும்புகிறோம். மாமி அந்த மண்சட்டி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறாள். டிசம்பரில் உங்களிடம் வரும்போது கொண்டு வருவேன், உங்கள் வெயிலில் செய்யலாமா என்று கேட்காதே. சீஸ் கொண்டுவர மெல்பேர்ண் சுங்கத்தில் விடுவார்களா, இல்லை அங்கேயே குரூயேர் வாங்கலாமா என்று விசாரித்து எழுது. அப்பாவின் பிரஷர் மாத்திரை போதுமான அளவு இருக்கிறது.

அன்புடன்,
அம்மா