ஆணே இல்லாம ஒரு குடும்பம்

டேய் சேகரு,

லெட்டர் கிடைச்சுதுடா. பொண்ணு பயாலஜி எடுத்திருக்கான்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், முட்டிவலிதான் விட்டு விட்டு வருது. ஆண் இல்லாம உயிர் எப்படி பிறக்கும்னு அவ கேட்டதா எழுதியிருந்தியே, அப்ப இருந்து எனக்கு அதே நினைப்புதான்.

பாக்டீரியா ரெண்டா பிரியறது, ஈஸ்ட் மொட்டு விடறது எல்லாம் அவ பாடத்துலயே இருக்கும். நீ அசுவினியைப் பத்தி சொல்லு. தளிர்ல கூட்டமா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சுமே, அந்தப் பூச்சிதான். நல்ல காலத்துல அதுல பெண்ணு மட்டும்தான், முட்டைகூட இடாது, நேரா குட்டியாவே போடும், அந்தக் குட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே அது வயித்துல அடுத்த கரு வளர ஆரம்பிச்சிருக்கும், பாட்டி வயித்துல அம்மா, அந்த அம்மா வயித்துலயே பேத்தின்னு மூணு தலைமுறை ஒரே உடம்புல இருக்கும்டா! 1740ல ஜெனீவாக்காரர் சார்லஸ் போனே, அப்ப அவருக்கு 20 வயசுதான், பிறந்த உடனே ஒரு அசுவினியைத் தனியா பிரிச்சு வச்சு ராப்பகலா பார்த்தாரு, ஆண் வாடையே இல்லாம அது 95 குட்டி போட்டுச்சு. கன்னி இனப்பெருக்கத்தை முதல்ல சோதிச்சு நிரூபிச்சது அப்படித்தான். அந்தப் பொறுமையை நினைச்சா எனக்கு மலைப்பா இருக்கு.

ஆனா குளிர் நாடுகள்ல பகல் குறைய ஆரம்பிச்சதும் நிறைய அசுவினி வகைகள் ஆணையும் பெத்துக்கும், ஜோடி சேர்ந்து முட்டை வைக்கும், அந்த முட்டைதான் குளிரைத் தாங்கி நிக்கும். தனியாவே இவ்ளோ வேகமா பெருக முடியும்போது ஆண் எதுக்குன்னு அவ கண்டிப்பா கேப்பா. வாழையைக் காட்டு. க்ரோ மிஷேல்னு ஒரு ரகம்தான் ஒரு காலத்துல ஏற்றுமதி முழுக்க, எல்லாம் பக்கக்கன்னுலேந்து வந்த ஒரே மரத்தோட நகல், மண்ணுல இருக்கற ஒரு பூஞ்சைக்கு ஒண்ணு விழுந்தா எல்லாமே விழும், 1960கள்ல ஏற்றுமதியே கேவன்டிஷ்னு இன்னொரு வாழை ரகத்துக்கு மாறிடுச்சு. அதுவும் நகல்தான். அந்தப் பூஞ்சையோட புது வகை இப்ப அதையும் தாக்குது, 2019ல கொலம்பியா வரைக்கும் போயிடுச்சு. ஆண் பெண் கலப்பு இருந்தா நாலு செடியாவது தப்பிக்கும்னுதான் நான் நம்பறேன்.

ஆனா ஒண்ணு இடிக்குதுடா. பாசி ஈரத்துல வாழற டெலாய்டு ரோட்டிஃபர்னு ஒரு குட்டி உயிரு, அதுல ஆணை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல, ஆனாலும் கோடிக்கணக்கான வருஷமா இருக்கு. காஞ்சு சருகாகி மறுபடி தண்ணி பட்டா எழுந்திரிக்கும், பாக்டீரியா, பூஞ்சைகிட்டேந்து வந்த மரபணுக்களும் அதுக்குள்ள நிறைய இருக்கு. அதுதான் அதைக் காப்பாத்துதோ என்னவோ, இதைப் பத்தி உன் பொண்ணு என்ன நினைக்கிறான்னு கேட்டு எழுது.

அன்புடன்,
ரவி